வாவியை விட்டுப் பாடநூலில் மீன் தேடலாமா?

குருக்கள்மடம் கிழக்கே கடலும் மேற்கே வாவியும் அணைத்து நிற்கும் ஊர். மட்டக்களப்பிலிருந்து கல்முனை செல்லும் பெருவீதி அதனை ஊடறுத்துச் செல்கின்றது. வாவித் துறையில் நின்று மேற்கே நோக்கின் அம்பிளாந்துறை தெரியும். அதற்கப்பால் படுவான்கரையின் வயல்களும் காடுகளும் விரிந்து கிடக்கும். இத்தகைய ஊரிலே பிறந்த சிறுவன் ஒருவன், கைப்பேசியிற் கண்ட டைனோசர்களின் பெயர்களை மூச்சுவிடாமல் ஒப்புவிக்கின்றான். அவன் வீட்டு வேலிக்கு அப்பால் நீரில் நிற்கும் பறவை யாதென்று வினவினால் "கொக்கு" என்று கூறி நிறுத்திக்கொள்கின்றான். அஃது எவ்வகைக் கொக்கு, எங்கே கூடு கட்டுகின்றது, என்ன உண்கின்றது என்பன அவனுக்குத் தெரியா. அவன்மீது நாம் குறை கூறவில்லை. அவற்றை அவனுக்குக் காட்ட எவரும் முன்வரவில்லை என்பதே நமது குறைபாடு.

டைனோசர்மீது பிள்ளைகள் கொள்ளும் மோகத்தை வீணென்று ஒதுக்குவோர் நம்மிடையே உளர். நாம் அவர்களோடு உடன்படோம். பேரளவும் பெருங்காலமும் பிள்ளை மனத்தைக் கவர்வது இயற்கை. அக்கவர்ச்சியைப் பொம்மைக் கடைக்காரரும் படக் கம்பெனிகளும் பயன்படுத்திக்கொள்ளும்போது, நமது பாடசாலைகள் மட்டும் ஏன் வாளாவிருத்தல் வேண்டும்? அம்மோகத்தை வாவிக்கரைக்குக் கைபிடித்து அழைத்து வரும் வழி யாது என்பதே கேள்வி. வழி உண்டு, அது முற்றத்துக் கோழியிடம் தொடங்குகின்றது.

1842ஆம் ஆண்டு இங்கிலாந்தின் றிச்சட் ஓவன் என்னும் அறிஞர் "டைனோசர்" என்னும் இனப்பெயரை ஆக்கினார். 1861இல் சிறகு பதிந்த ஆர்க்கியோப்டெரிக்ஸ் என்னும் விலங்கின் படிவம் ஜெர்மனியில் வெளிப்பட்டது. அதன் பின்னரும், சிறப்பாக 1996இல் சீனாவிலே இறகுப் போர்வையுடன் கூடிய டைனோசரின் படிவம் வெளிப்பட்ட பின்னரும், பறவைகள் டைனோசர்களின் வழித்தோன்றல்கள் என்பதில் விஞ்ஞானிகளுக்கு ஐயம் அருகிவிட்டது. ஆதலின் ஞாயிற்றுக்கிழமைக் கறிக்குக் கோழி அடிபடும் நாளிலே, டைனோசரின் உறவினர் ஒருவர் நமது அடுப்படிக்கு வந்துவிடுகின்றார். எலும்புகளை எறிந்துவிடாது அவித்துக் கழுவி வெயிலில் உலர்த்திப் பிள்ளையிடம் கொடுங்கள். நெஞ்சின் மேற்புறத்திலே இருகிளையாய்ப் பிரிந்து நிற்கும் கவையெலும்பை அவன் கண்டெடுக்கட்டும். அதே கவையெலும்பு டைரனோசோரசிடமும் இருந்தது. கோழிக்காலின் செதிலைத் தடவிப் பார்க்கட்டும். முன்னோக்கிய மூன்று விரல்களை எண்ணட்டும். இதற்கு ஆய்வுகூடம் வேண்டுமா? அமைச்சரின் கையொப்பம் வேண்டுமா?

சில்லி நாட்டிலே 2014இல் ஆராய்ச்சியாளர் சிலர் கோழிக்குஞ்சுகளுக்குச் செயற்கை வால் கட்டி வளர்த்து, அவை டைனோசர் போல் நடை மாறுவதைக் கண்டனர். நம் பிள்ளைகள் அதைச் செய்யப் புகவேண்டாம். வாலில்லாக் கோழியின் நடையே பார்க்கத் தக்கது.

அடுத்தது அடிச்சுவடு. ஈரச் சேறு நிறைந்த வாவிக்கரையிலே காலையிற் சென்றால் கொக்கும் நாரையும் உள்ளானும் நடந்த தடங்கள் எழுதப்பட்ட ஏடு போல் கிடக்கும். ஓட்டமும் நடையும் எவ்வாறு வேறுபடும்? சுவட்டின் நீளத்தையும் அடிக்கும் அடிக்கும் இடையிலுள்ள தூரத்தையும் அளந்தால் அறியலாம். றொபேட் மக்நீல் அலெக்சாண்டர் என்னும் ஆங்கில விலங்கியலாளர் 1976ஆம் ஆண்டு இவ்வழியாலேதான் டைனோசர்களின் நடைவேகத்தைக் கணித்தார். பாதச் சுவட்டின் நீளத்தைப்போல் ஏறக்குறைய நான்கு மடங்கு இடுப்பின் உயரம் என்பது அவர் கைக்கொண்ட கணக்கு. இது கோழிக்குப் பொருந்துமா, கொக்குக்குப் பொருந்துமா என்று பிள்ளைகளே அளந்து கூறட்டும். பொருந்தாவிடின் ஏன் பொருந்தவில்லை என்று வாதிடட்டும். வாதிடும் பிள்ளையே விஞ்ஞானம் கற்கின்றான். மனப்பாடம் செய்பவன் விஞ்ஞானத்தின் பெயரைக் கற்கின்றான்.

படுவான்கரை உழவருக்கு இக்கணக்குப் புதிதன்று. யானையின் முன்கால் சுவட்டின் சுற்றளவை இருமடங்காக்கினால் அதன் தோள் உயரம் கிட்டும் என்பது யானையோடு பழகியவர் அறிந்த செய்தி. வேளாண்மை விளையும் காலத்திலே வயலுக்குள் இறங்கிய யானை எவ்வளவு பெரியது என்று சுவட்டைக் கொண்டு மதிப்பிடும் விவசாயி, இறந்தொழிந்த விலங்கைக் கல்லிற் பதிந்த சுவட்டினால் மதிப்பிடும் பேராசிரியருக்கு எவ்வகையிற் குறைந்தவர்? இருவரும் கையாள்வது ஒரே அறிவு. ஒருவருக்குப் பட்டம் உண்டு. மற்றவருக்கு இரவெல்லாம் காவற் பரணில் விழித்திருக்கும் துயரம் உண்டு. யானையைக் குறித்துப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் பாடத்திலே அந்த விவசாயி ஆசிரியராக வந்து நிற்றல் வேண்டும் என்கின்றோம். யானையை வெறுக்கவும் கூடாது, உழவனின் இழப்பை மறைக்கவும் கூடாது. இரண்டையும் ஒருங்கே எடுத்துரைக்க அவனினும் தக்கார் யார்?

நமது மண்ணிலே டைனோசர் எலும்பு கிடைக்குமா என்று பிள்ளைகள் கேட்பர். உண்மையை மறைக்காது கூறுதல் வேண்டும். இலங்கையின் பெரும்பாகம் டைனோசர்கள் தோன்றுவதற்கு நெடுங்காலத்திற்கு முன்னரே வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறிய பழம்பாறை. புத்தளத்தை அடுத்த தப்போவை போன்ற சில இடங்களில் ஜுராசிக் காலத்து இலைகள் பதிந்த கற்கள் மட்டும் உள. இரத்தினபுரியின் மாணிக்கக் கற்படைகளிலோ, மிகப் பிற்காலத்தில் இத்தீவில் வாழ்ந்து மறைந்த நீர்யானை, காண்டாமிருகம், சிங்கம் ஆகியவற்றின் எச்சங்கள் கிடைத்தன. 1939 முதல் 1963 வரை தேசிய நூதனசாலைகளின் பணிப்பாளராயிருந்த பி. ஈ. பி. தெரணியகல அவற்றை ஆராய்ந்து எழுதினார். நீர்யானை நீந்திய தீவில் நாம் வாழ்கின்றோம் என்பது எத்தனை பிள்ளைகளுக்குத் தெரியும்?

கடலுக்கு அப்பால் தமிழகத்தில் நிலைமை வேறு. அரியலூர்ப் பகுதி ஒரு காலத்தில் கடலடியாயிருந்தது. அங்கே கல்லாய்ச் சமைந்த நத்தைகளும் சிப்பிகளும் இன்றும் நிலத்திற் கிடைக்கின்றன. பெரம்பலூருக்கு அண்மையில் சாத்தனூரிலே கல்லாகிப்போன பெருமரம் ஒன்று கிடக்கின்றது. அரியலூரை அடுத்த கல்லமேட்டிற் கிடைத்த பேரெலும்புகளை யாதகிரி, அய்யாசாமி என்னும் நிலவியலாளர் இருவர் ஆராய்ந்து, 1987இல் ஒரு புதிய டைனோசருக்குப் பெயரிட்டனர். அதன் காலெலும்பு ஒன்றே இரண்டு மீட்டர் நீளம் என்று பதிவாயிற்று. உலகின் மிகப் பெரிய விலங்குகளுள் ஒன்றாக அது இருந்திருக்கலாம். ஆயின் அவ்வெலும்புகள் பேணப்படாது நொறுங்கிப்போயின. இன்று எஞ்சியுள்ளவை வரைபடங்களும் சில நிழற்படங்களுமே. தமிழ் நிலம் ஈன்ற பேரதிசயம் தமிழ் நிலத்திலேயே தூளாயிற்று! வாரணவாசியில் இப்பொழுது புதைபடிவ அருங்காட்சியகம் ஒன்று உண்டென்பது சிறு ஆறுதல். கண்டெடுப்பது பாதி; துணியிற் சுற்றி, இடமும் நாளும் எழுதிப் பெட்டியில் வைப்பது மறுபாதி என்பதைப் பிள்ளைகள் தொடக்கத்திலேயே பழகுதல் வேண்டும்.

படிவம் எவ்வாறு உண்டாகின்றது என்பதை அரியலூர் செல்லாமலே செய்து பார்க்கலாம். குருக்கள்மடத்துக் கடற்கரையில் ஒரு சிப்பியை எடுத்து, குழைத்த களிமண்ணில் அழுத்தி எடுத்தால் அச்சு உண்டாகும். அதனுள் பரிசுச் சாந்தை—எலும்பு முறிந்தவர்க்கு மருத்துவர் கட்டும் அதே வெண்சாந்தை—நீரிற் கரைத்து வார்த்தால் வார்ப்பு உண்டாகும். கொக்கின் சுவட்டிலும் அவ்வாறே வார்க்கலாம். பத்துப் பிள்ளைகள் பத்துச் சுவடுகளை வார்த்து, பெயரும் நாளும் பொறித்து வகுப்பறையில் அடுக்கிவிட்டால் அப்பாடசாலைக்கு ஓர் அருங்காட்சியகம் அமைந்துவிட்டது.

காலத்தின் நீளத்தை உணர்த்தத் தோணிக் கயிறு போதும். 46 மீட்டர் கயிறொன்றை விளையாட்டுத் திடலில் நீட்டுங்கள். ஒரு சென்ரிமீட்டர் பத்து இலட்சம் ஆண்டு எனக் கொண்டால், ஒரு முனை பூமி தோன்றிய காலம், மறுமுனை இன்று. இலங்கைப் பாறைகள் கடைசியாகப் பெரும் உருமாற்றம் அடைந்தது இம்முனையிலிருந்து ஏறக்குறைய ஐந்தரை மீட்டரில். டைனோசர் தோன்றியது ஏறக்குறைய 2 மீட்டர் 30 சென்ரிமீட்டரில். கோழியின் கிளை தவிர ஏனைய டைனோசர்கள் அழிந்தது 66 சென்ரிமீட்டரில். மனிதன் தோன்றியது மூன்று மில்லிமீட்டரில். நமது பழம்பெருமை அனைத்தும், சங்கமும் சேர சோழ பாண்டியரும் உட்பட, ஒரு தலைமயிரின் தடிப்புக்கும் குறைந்த இடத்தில் அடங்கிவிடும். மேடைகளில் தமிழின் தொன்மை பேசும் நண்பர்கள் இதற்காக நம்மைக் கோபிக்க வேண்டாம்.

இனி வாவிக்கு வருவோம். உண்மையான செல்வம் அங்கேயே உள்ளது. வடக்கு தெற்காக ஏறக்குறைய 56 கிலோமீட்டர் நீண்டு கிடக்கும் இவ்வாவி, முகத்துவாரத்திலும் கல்லாற்றுப் பக்கத்திலும் கடலோடு கலக்கின்றது. மழைகாலத்தில் நன்னீர் மிகும், கோடையில் உப்பேறும். இம்மாற்றத்தோடு மீனும் இறாலும் நண்டும் இடம் மாறும். கரையெங்கும் கண்டல், கண்ணா, தில்லை, கிண்ணை என நம்மவர் பெயரிட்டழைத்த மரங்கள். கண்டலின் விதை தாய்மரத்திலேயே முளைவிட்டு, ஈட்டி போல் நீண்டு, பின் சேற்றில் வீழ்ந்து ஊன்றிக்கொள்கின்றது. வீழ்ந்த நாற்றுகளுள் எத்தனை ஊன்றின, எத்தனை மிதந்து சென்றன என்று ஒரு வகுப்பு மாதந்தோறும் எண்ணி வரலாம். மரம் நடுகை என்று நிழற்படம் எடுத்துக்கொண்டு மறுவாரம் மறந்துவிடும் விழாக்களினும், நட்ட நூறில் எத்தனை பிழைத்தன என்று எழுதி வைக்கும் ஒரு கொப்பி மேலானது.

இவ்வாவியின் பாடும் மீனைப் பற்றி நாம் பெருமை பேசாத நாளில்லை. மட்டக்களப்பின் சின்னமே அதுதான். காரைதீவிற் பிறந்து விஞ்ஞானமும் தமிழும் ஒருங்கே கற்பித்த விபுலானந்த அடிகள், இவ்வாவியின் இசையை நீரர மகளிரின் பாடலாகப் பாடி வைத்தார். ஆயின் அவ்வொலியைத் தம் செவியாற் கேட்ட பிள்ளைகள் எத்தனை பேர்? 1848ஆம் ஆண்டு செப்டெம்பரில் குடியேற்ற நாட்டுச் செயலாளராயிருந்த எமர்சன் ரெனன்ற் மட்டக்களப்புக்கு வந்தார். கேள்வியுற்ற கதையை அவர் கதையாக விட்டுவிடவில்லை. வலைஞரிடம் விசாரித்தார், அவர்கள் அதனை ஊரியின் ஒலி என்று கூற, அந்த ஊரிகளைக் கொண்டுவரச் செய்து பார்த்தார், நிலவு எழுந்தபின் தோணியில் அவ்விடம் சென்றார், தோணியின் மரத்தில் காதை வைத்தபோது ஒலி மிகுந்து கேட்டதைக் குறித்து வைத்தார். மழைவெள்ளம் வந்தால் ஒலி நின்றுவிடும் என்று வலைஞர் கூறியதையும் எழுதினார். வந்தேறிய ஆட்சியாளரின் புத்தகம் என்பதால் அதன் முறையை நாம் வெறுக்க வேண்டியதில்லை. கேள், சோதி, எழுது என்னும் மூன்றும் எம்மொழிக்கும் உரியன. ஒலிக்குக் காரணம் மீனா ஊரியா என்பது இன்றும் ஐயமறத் தீர்ந்த வழக்கன்று. நிலவொளியில் சவளை நீரில் ஊன்றி அதன் மேல்முனையில் காதை வைத்துக் கேட்கும் பழைய வழக்கம் நம்மூரிலேயே உண்டு. எந்த மாதத்தில், எந்த நிலவில், எவ்விடத்தில் கேட்டது என்று பத்தாண்டு தொடர்ந்து வாவிக்கரைப் பாடசாலைகள் எழுதி வருமாயின் அஃது உலகம் கண்ணெடுத்துப் பார்க்கும் ஆவணமாகும்.

வயலுக்குள்ளும் ஒரு காட்சிச்சாலை உண்டு. அறக்கொட்டியான் வந்தவுடன் மருந்து தெளிக்கும் வழக்கத்தை விவசாயிகள் அறிவர். அம்மருந்து அறக்கொட்டியானைத் தின்னும் சிலந்தியையும் சேர்த்துக் கொன்றுவிடுவதால், பின்னர் பூச்சி பன்மடங்காய்ப் பெருகுவதுண்டு. இதனை இந்தோனேசியா பட்டறிந்து, 1986இல் நெல்லுக்கு 57 வகைப் பூச்சிகொல்லிகளைத் தடை செய்தது. 1989 முதல் அங்கே விவசாயிகளுக்கு வயற்பள்ளிகள் நடந்தன. அப்பள்ளிகளிலே ஒரு நெற்பயிரை வலையால் மூடி, உள்ளே பூச்சியையும் சிலந்தியையும் விட்டு, எது எதைத் தின்கின்றது என்று விவசாயிகள் தாமே கண்டனர். ஒரு போத்தலும் வலைத்துணியும் இருந்தால் நமது ஏழாம் வகுப்புப் பிள்ளையும் இதைச் செய்யலாம். தகப்பனுக்கு எந்த அதிகாரி கூறியும் ஏறாத செய்தி, மகள் கையில் ஏந்திய போத்தலிலிருந்து ஏறும்.

இதற்கெல்லாம் எதிர்வாதம் உண்டு. "தும்பி பிடித்தால் புலமைப்பரிசிலில் புள்ளி கிடைக்குமா?" என்று பெற்றோர் கேட்கின்றனர். ஐந்தாம் ஆண்டுப் பரீட்சை அவர்கள் கழுத்தில் கட்டிய கல். அதைக் கட்டியவர் அவர்களல்லர். பத்து வயதுப் பிள்ளை காலையிற் பாடசாலைக்கும் மாலையிற் தனியார் வகுப்புக்கும் ஓடி, வாவியைப் பேருந்துச் சன்னல் வழியாக மட்டும் காண்பானாயின், குற்றம் பரீட்சை முறையினது. ஆயினும் ஒன்று கேட்கின்றோம். வாரத்தில் இரண்டு மணி நேரம் வாவிக்கரையில் அளந்தும் எண்ணியும் எழுதியும் பழகிய பிள்ளை கணக்கிலும் கட்டுரையிலும் பின்தங்குவான் என்று யார் கூறினர்? இங்கிலாந்தின் லைம் றீஜிஸ் கடற்கரையில் பன்னிரண்டு வயது மேரி அனிங், தமையன் கண்ட தலையோட்டைத் தொடர்ந்து தேடி, 1812இல் ஒரு கடற்பேருயிரின் உடலைக் கண்டெடுத்தாள். அவள் ஏழைத் தச்சனின் மகள். 1908இல் பம்பாயிலே, தான் சுட்டு வீழ்த்திய குருவியின் பெயரறிய இயற்கை வரலாற்றுச் சங்கத்தின் கதவைத் தட்டினான் சலீம் அலி என்னும் சிறுவன். மில்லாட் என்னும் செயலாளர் அவனை விரட்டாது, பாடம் செய்த பறவைகள் நிறைந்த இழுப்பறைகளைத் திறந்து காட்டினார். இந்தியாவின் பறவையியல் அந்த இழுப்பறையிலிருந்து பிறந்தது எனலாம்.

நமது பிள்ளை தட்டுவதற்குக் கதவு எங்கே? தெகிவளை மிருகக்காட்சிச்சாலையை இடமாகக் கொண்டு 1972இல் தொடங்கிய இளம் விலங்கியலாளர் சங்கம் தலைமுறை தலைமுறையாக இளைஞரை உருவாக்கி வந்திருக்கின்றது. நன்று, பாராட்டுகின்றோம். ஆயின் குருக்கள்மடத்துப் பிள்ளை ஒவ்வொரு ஞாயிறும் கொழும்புக்குப் போக முடியுமா? சிலாபத்துக்கு அண்மையில் பம்பலையிலே 2016இல் கண்டற்காட்டு அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. அத்தகைய ஒன்று, தமிழில் விளக்கம் எழுதப்பட்டதாய், மட்டக்களப்பு வாவியின் தென்கரையிலும் எழும்ப வேண்டாமா? மாளிகை கேட்கவில்லை. துறைக்கு அண்மையில் ஓர் ஓலைக் கொட்டகை, இரண்டு மேசை, நான்கு கைவில்லை, ஒரு தொலைநோக்கி, பூட்டுள்ள ஓர் அலுமாரி. வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கின்றது. அதன் விலங்கியல், தாவரவியல் மாணவர் மாதம் ஒரு சனிக்கிழமை வந்து நின்றால் போதும். மீன்பிடித் தொழிலில் முதிர்ந்த பெரியவர் ஒருவருக்கு நாட்கூலி கொடுத்து ஆசிரியராக அமர்த்துக. அத்தாங்கில் ஏறும் ஒவ்வொரு குஞ்சுக்கும் அவரிடம் ஒரு பெயர் உண்டு. அப்பெயர்களைப் பிள்ளைகள் எழுதிக்கொள்ளாவிடின் அவரோடு அவையும் போய்விடும். இந்தியாவிலே 2002ஆம் ஆண்டுச் சட்டம் ஊர்தோறும் மக்கள் உயிரினப் பதிவேடு வைக்க வழி செய்தது. நமக்குச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு கொப்பியும் பென்சிலும் போதும்.

அபாயம் உண்டென்பதை நாம் மறைக்கவில்லை. வாவியில் முதலை உண்டு. சேற்றில் ஆழம் தெரியாது. வரம்பில் விரியன் கிடக்கும். ஆதலாற் பத்துப் பிள்ளைக்கு ஒரு பெரியவர் என்னும் கணக்குத் தவறவே கூடாது. கூட்டில் உள்ள முட்டையைத் தொடுவதும், உயிரைக் கொன்று சேர்ப்பதும் முதல் நாளே விலக்கப்படுதல் வேண்டும். முதலையைக் கரையில் நின்று தூரத்திற் காட்டும்போது, இன்று வாழும் உயிர்களுள் பறவைக்கு மிக நெருங்கிய உறவினன் இவனே என்று கூறுக, பிள்ளைகள் நம்பமாட்டார்கள். நம்பாத பிள்ளையைக் கோழிக்காலின் செதிலைப் பார்க்கச் சொல்லுக.

வைத்தியரும் பொறியியலாளரும் வழக்கறிஞருமாய்க் கொழும்பிலும் கடல் கடந்த நாடுகளிலும் வாழும் எழுவான்கரையின் மைந்தர், தாம் படித்த பாடசாலைக்கு நுழைவாயில் வளைவு கட்ட அனுப்பும் பணத்தை நாம் அறிவோம். வளைவுகள் போதிய அளவு எழுந்துவிட்டன. பட்டிருப்புக் கல்வி வலயத்தார் ஒரு சுற்றறிக்கையால் வாரம் இரண்டு மணி நேரத்தை ஒதுக்கலாம். பிரதேச சபையார் துறையருகே பத்துப் பேர்ச் நிலத்தைக் காட்டலாம். எஞ்சியதை வளைவின் பணம் செய்யும். வடவாசியாவிலிருந்து உள்ளான்களும் வாத்துகளும் ஐப்பசி, கார்த்திகையில் வந்திறங்கும். மாசி, பங்குனியில் திரும்பும். இவ்வாண்டு அவை வருவதற்கு முன் கொட்டகைக்குக் கம்பு நாட்டப்படுமாயின், முதல் ஆண்டுக் கணக்கை அவை திரும்பிச் செல்லும் நாளுக்குள் பிள்ளைகள் எழுதி முடிப்பர். அக்கணக்கு நம் கைக்கு எட்டினால் இப்பத்தியிலேயே அதை அச்சிடுவோம்.